தேய்ந்த ஸ்டீயரிங்: கழுவுவதா, பூசுவதா, மாற்றுவதா?

பத்து வருடம் ஓடிய காரின் கதவைத் திறந்து ஸ்டீயரிங்கைப் பார்த்தாலே, ஓட்டியவரின் கை எங்கே இருந்தது என்று சொல்லிவிடலாம். நம் நாட்டுக் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். இடது கை கியருக்கும் ஸ்டீயரிங்குக்குமாகப் போய்வந்துகொண்டிருக்கும்; வலது கைதான் பிடித்த இடத்தை விடாது. கடிகாரத்தில் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடைப்பட்ட அந்தப் பகுதி முதலில் பளபளக்கிறது, அப்புறம் வெளுக்கிறது, கடைசியில் பொருக்குப் பொருக்காக உரிந்து உள்ளங்கையில் ஒட்டுகிறது.

என்ன செய்யலாம் என்று விசாரித்தால் மூன்று யோசனைகள் உடனே வரும்: கவர் போடு, பெயின்ட் அடி, வேறு வாங்கு. மூன்றுமே சில வண்டிகளுக்குப் பொருந்தும், சிலவற்றுக்குப் பொருந்தாது. அதற்கு முன்னால் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. தேய்ந்திருப்பது எது? மேலே படிந்த அழுக்கா, அதன் அடியில் இருக்கும் வண்ணப் படலமா, அதற்கும் கீழே உள்ள தோலா, ரப்பரா, பிளாஸ்டிக்கா? இதைப் பார்க்காமல் பெயின்ட் டப்பாவைத் திறந்தவர்களின் வேலைதான் ஒரே கோடையில் உரிந்துவிடுகிறது. ஸ்டீயரிங்கைப் புதுப்பிப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் பெரும்பங்கு கழுவுவதும் தேய்ப்பதும் காத்திருப்பதும்தான். வண்ணம் பூசுவது கடைசியில் வரும் சின்ன வேலை.

எதன் மேல் கை வைக்கிறோம்

ஆரம்பகாலக் கார்களில் ஸ்டீயரிங் வளையம் மரத்தால் ஆனது. பிறகு எபோனைட் என்ற கெட்டி ரப்பர் வந்தது. 1907இல் லியோ பேக்லண்ட் உருவாக்கிய பேக்கலைட் வந்தது. செல்லுலோஸிலிருந்து செய்த பிளாஸ்டிக்குகள் வந்தன. இவற்றை இரும்பு வளையத்தின் மேல் வார்த்தார்கள். பழைய அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் நாம் பார்த்த ஒல்லியான கெட்டி வளையம் இந்தப் பரம்பரைதான். அடுத்த தலைமுறைக் கார்களில் பாலியூரித்தேன் நுரை இடம்பிடித்தது. இரும்பு, அலுமினியம் அல்லது மெக்னீசியச் சட்டத்தைச் சுற்றி நுரையை வார்க்கும்போதே அதன் வெளிப்புறம் இறுகி ஒரு மேல்தோல் ஆகிவிடுகிறது. இன்று விலை குறைந்த மாடல்களில் இருப்பது இதுவே. விலை கூடிய மாடல்களில் அந்த நுரைக்கு மேல் லெதர் சுற்றித் தைத்திருப்பார்கள்.

லெதர் ஸ்டீயரிங் வைத்திருக்கும் பலருக்கும் தெரியாத செய்தி, அவர்கள் தினமும் தொடுவது லெதரையே அல்ல என்பது. பதனிட்ட தோலின் மேல் நிறமி கலந்த ஒரு பூச்சு, அதன் மேல் நிறமில்லாத பாலியூரித்தேன் பூச்சு. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம்தான் இருக்கும். கை படுவது அந்தப் படலத்தின் மேல். படலம் முழுசாக இருக்கும்வரை லெதர் கண்டிஷனரை எவ்வளவு தேய்த்தாலும் பெரும்பகுதி மேலேயே நின்றுவிடும். படலம் போனபிறகோ, கண்டிஷனர் தோலை மிருதுவாக்கும். போன நிறத்தைத் திருப்பித் தராது. கண்டிஷனர் போட்டால் ஸ்டீயரிங் புதிதாகிவிடும் என்ற நம்பிக்கையை அதனால் கைவிடுவது நல்லது.

படலத்தைத் தின்பவை பல. வியர்வையில் உப்பும் லேசான அமிலமும் இருக்கின்றன. தோலில் சுரக்கும் எண்ணெய் பூச்சுக்குள் மெல்ல ஊறி அதை இளக்குகிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கண்ணாடி வழியே வரும் புற ஊதாக் கதிர் நிறத்தை வெளுக்கும். மோதிரமும் நகமும் கீறும். 2020க்குப் பிறகு சானிடைசர் புதிதாகச் சேர்ந்துகொண்டது. அதில் பெரும்பங்கு ஆல்கஹால். ஈரம் காயாத கையோடு ஸ்டீயரிங்கைப் பிடித்தால் பூச்சு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரைகிறது. கொசு கடிக்காமலிருக்கப் பூசும் டீட் கலந்த களிம்பும் பல பிளாஸ்டிக்குகளை இளக்கக்கூடியது.

கழுவிப் பார்த்தபின் முடிவு

பளபளப்பைத் தேய்மானம் என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். கம்பெனியிலிருந்து வரும் லெதர் பெரும்பாலும் பளபளப்பில்லாமல் மங்கலாகத்தான் இருக்கும். பளபளப்பது, வியர்வையும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து நாளாக நாளாக இறுகிய அழுக்கு. அதன் மேல் பெயின்ட் அடித்தால், பெயின்ட் ஒட்டுவது அழுக்கோடுதான். அழுக்கு கழன்றால் அதுவும் கழலும்.

சோதனை எளிது. வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, லெதருக்கென்று விற்கும் மென்மையான கிளீனர் சில துளி விட்டு, வலப்பக்க மேல்பகுதியை வட்டமாகத் தேய்க்க வேண்டும். துணியில் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ வந்தால் அழுக்கு. ஸ்டீயரிங்கின் சொந்த நிறமே வந்தால் படலம் கழல்கிறது என்று பொருள். அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர். முத்தாக நின்றால் பூச்சு உயிரோடு இருக்கிறது. உறிஞ்சப்பட்டு அந்த இடம் கறுத்தால் தோல் வெறுமையாகிவிட்டது. கடைசியாக நகத்தால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். நகத்தின் தடம் பதிந்து பிசுபிசுத்தால் அது வேறு நோய். அதற்குப் பின்னால் வருகிறேன்.

கழுவும் வேலையை அவசரப்படுத்தக் கூடாது. கிளீனரை நேராக ஸ்டீயரிங்கில் தெளித்தால் சுவிட்சுகளுக்குள் இறங்கிவிடும். மென்மையான தூரிகையில் எடுத்து, நுரை வரத் தேய்த்து, நுரை காய்வதற்குள் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரு கை அகலத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். முதல் முறை துணி கறுப்பாக வரும், இரண்டாம் முறை தேயிலைச் சாயம் போல வரும், துணி வெள்ளையாகவே திரும்பும்வரை தொடர வேண்டும். தையல் ஓரங்களில்தான் அழுக்கு அதிகம் ஒளிந்திருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ் அங்கே உதவும். சலவைத்தூளும் பாத்திரம் கழுவும் சோப்பும் வேண்டாம். பதனிட்ட தோல் அமிலத்தன்மை கொண்டது, காரம் அதைக் கெடுக்கும். மெலமைன் ஸ்பாஞ்ச் அதிசயம்போல் அழுக்கெடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது மிக நுண்ணிய உப்புத்தாள். அழுக்கோடு படலத்தையும் சீவிவிடும்.

இப்படிக் கழுவிக் காயவைத்ததும் பல ஸ்டீயரிங்குகள் பழைய மங்கல் நிறத்துக்குத் திரும்பிவிடுகின்றன. அப்படித் திரும்பினால் வேலை அங்கேயே முடிந்தது.

லெதருக்கு வண்ணம்

படலம் உண்மையிலேயே போயிருந்தால்தான் வண்ணம். இங்கே நம் ஊர் வழக்கங்கள் சிலவற்றை விலக்கியாக வேண்டும். ஷூ பாலிஷ் மெழுகு. கையிலும் வெள்ளைச் சட்டையிலும் ஏறும், திருப்பும்போது வழுக்கும். செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ஆல்கஹால் சாயம் தோலுக்குள் இறங்கும், ஆனால் மேலே பாதுகாப்புப் பூச்சு இல்லாவிட்டால் வியர்வை பட்டதும் கையில் வரும். இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் இனாமல் இறுகிக் கெட்டிப்பட்டு, மிருதுவான பரப்பின் மேல் வெடித்துச் செதில் செதிலாக விழும். தேவை தண்ணீர் சார்ந்த, வளைந்துகொடுக்கும் நிறமிப் பூச்சு. அதன் மேல் தேய்மானம் தாங்கும் மங்கலான டாப் கோட். லெதர் ரீ-கலரிங் என்ற பெயரில் இரண்டும் சேர்ந்த தொகுப்புகள் கிடைக்கின்றன. டாப் கோட்டில் கலக்கச் சொல்லித் தரும் கிராஸ்லிங்கர் ஆயுளை நன்றாகக் கூட்டும். ஆனால் சில வகைகள் நச்சுத்தன்மை உள்ளவை. கையுறை போட்டு, காரின் கதவுகள் நான்கையும் திறந்துவைத்துச் செய்யவேண்டிய வேலை அது.

கழுவிய பரப்பை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்தால் மீந்த எண்ணெய் போகும். டேஷ்போர்டுக்குப் போடும் சிலிகான் பாலிஷ் ஸ்டீயரிங்கிலும் பட்டிருந்தால் இந்தத் துடைப்பைக் கூடுதல் கவனத்தோடு செய்ய வேண்டும். சிலிகான் துளி இருந்தாலும் பூச்சு அந்த இடத்தில் விலகிக் குழி விழும். பிறகு 600 அல்லது 800 எண் தாளால் உரிந்த ஓரங்களைச் சமப்படுத்த வேண்டும். பழைய பூச்சு நிற்கும் இடத்துக்கும் வெறுந்தோலுக்கும் இடையே உள்ள படியை விரல் உணரக் கூடாது. படி இருந்தால் எத்தனை கோட் போட்டாலும் தெரியும். ஆழமான வெடிப்பில் லெதர் ஃபில்லரை மெல்லிய அடுக்குகளாகத் தடவலாம். துளையிட்ட லெதரில் ஃபில்லரைத் தவிர்ப்பது நல்லது, துளைகள் அடைபட்டால் அவற்றைத் திரும்ப எடுக்க வழியில்லை.

முதல் கோட் பார்க்க மோசமாக இருக்கும். திட்டுத்திட்டாக, பழைய நிறம் எட்டிப்பார்க்க, பாழாக்கிவிட்டோமே என்று மனம் பதறும். அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் அப்பிவிடலாம் என்று கை நீளும். அப்பினால் தையல் குழிகளில் தேங்கி, காய்ந்ததும் பிளாஸ்டிக் பூசினதுபோல் ஆகிவிடும். ஸ்பாஞ்சில் மிகக் குறைவாக எடுத்து, ஒற்றி ஒற்றிப் பரப்பி, ஹேர் டிரையரால் இதமான சூட்டில் காயவைத்து, அடுத்த கோட். மூன்று முதல் ஐந்து கோட்டுக்குள் நிறம் ஒன்றுபட்டுவிடும். தையல் நூல் வேறு நிறமாக இருந்தால் அதன் இருபுறமும் மெல்லிய தூரிகையால் பூசுவதைத் தவிர வேறு வழியில்லை. டாப் கோட் போட்டபின் குறைந்தது ஒரு நாள் வண்டியை எடுக்காமல் இருப்பதும், முழுதாக இறுகும்வரை ஒரு வாரம் ஈரம் படாமல் பார்ப்பதும் அவசியம். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

பிசுபிசுக்கும் நுரை

நகத் தடம் பதிகிற நோய் இது. பாலியூரித்தேனில் ஒரு வகை, வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்தால் தண்ணீர் மூலக்கூறுகளால் உள்ளுக்குள்ளேயே அறுபட்டுப்போகிறது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் தட்பவெப்பம் இதற்கு மிகத் தோதானது. மென்மையாகத் தெரியவேண்டும் என்பதற்காகப் பூசும் சாஃப்ட் டச் பூச்சுகளுக்கும் இதே கதி நேர்கிறது. பிசுபிசுப்பது அந்த மேல்பூச்சு மட்டும் என்றால், ஆல்கஹால் துணியால் பொறுமையாகத் துடைத்து முழுவதையும் எடுத்துவிடலாம். அடியில் இருப்பது நல்ல பிளாஸ்டிக்காக இருக்கும். நுரையே இளகிவிட்டது என்றால் அதற்கு மேல் பெயின்ட் நிற்காது. அஸ்திவாரமே கரையும்போது மேலே எதைப் பூசி என்ன பயன்? இங்கே என் தீர்ப்பு தெளிவு: மேலே தைத்து மூடுங்கள், அல்லது மாற்றுங்கள்.

நுரை உறுதியாக இருந்து, மேல்தோல் மட்டும் வெளுத்திருந்தால் பூசலாம். வினைல், பிளாஸ்டிக் பரப்புகளுக்கென்று வரும் வளையும் ஸ்ப்ரே, அதற்கு முன் பிளாஸ்டிக் பிரைமர், இரண்டும் தூறல்போல மெல்லிய கோட்களாக.

கெட்டி வளையமும் வெடிப்பும்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். பழைய கெட்டி வளையத்தைப் புதுப்பிப்பவர் உண்மையிலேயே ஒரு பொருளைக் காப்பாற்றுகிறார். அதற்கு மாற்றுக் கிடைப்பது அரிது. அம்பாசிடரின் உற்பத்தி 2014இல் உத்தரபாராவில் நின்றது, பத்மினி அதற்கும் முன்பே நின்றுவிட்டது.

இவற்றில் வெடிப்பு பெரும்பாலும் ஆரக்கால் வளையத்தோடு சேரும் இடத்தில் வருகிறது. காரணம் எளிய இயற்பியல். சூட்டில் பிளாஸ்டிக் இரும்பைவிடப் பல மடங்கு விரியும், குளிரில் அதே அளவு சுருங்கும். வருடங்கள் போகப்போக அதிலுள்ள இளக்கிப் பொருள் ஆவியாகி, சுருக்கம் நிரந்தரமாகிறது. உள்ளே இரும்பு வளையம் சுருங்க மறுக்கிறது. இழுவிசை அதிகமான இடத்தில் பிளாஸ்டிக் பிளக்கிறது.

பட்டறையில் கொடுத்தால் சட்டென்று பட்டி பார்த்துவிடுவார்கள். பாடிக்குப் பூசும் பாலியஸ்டர் பட்டி இங்கே நிற்காது. அது இறுகும்போது சுருங்கும், மெல்லிய ஓரத்தில் நொறுங்கும். எபாக்சி வேண்டும்: மெதுவாக இறுகும் அரால்டைட், அல்லது எம்-சீல் போன்ற பிசையும் எபாக்சி. வெடிப்பின் மேல் அப்படியே தடவினால் போதாது. முக்கோண அரத்தால் வெடிப்பை ஆங்கில V வடிவத்தில் அகலமாக்கி, உள்ளிருக்கும் இரும்பு தெரியும்வரை போக வேண்டும். துருவைச் சுரண்டி எடுத்து, எபாக்சியை இரும்பையும் பற்றிக்கொள்ளுமாறு அழுத்தி நிரப்பி, மட்டத்துக்கு மேலே சற்று மேடாக விட வேண்டும். ஒரு நாள் முழுதும் இறுகட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. செல்லுலோஸ் பிளாஸ்டிக்குகளை அசிட்டோனும் தின்னரும் கரைத்துவிடும். எந்தக் கரைப்பானையும், எந்தப் பெயின்டையும் முதலில் வளையத்தின் பின்புறம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு பொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். இளகினாலோ மெல்லிய கீறல்கள் ஓடினாலோ அது இந்த வளையத்துக்கு ஆகாது.

மேட்டை அரத்தால் இறக்கி, உப்புத்தாளை ஒரு துண்டு ரப்பர் குழாயில் சுற்றி 80, 120, 220, 400 என்று ஏறிப்போக வேண்டும். பின்புறத்து விரல் பள்ளங்கள்தான் சோதனை. அவசரப்பட்டால் அவை மழுங்கிவிடும். கண்ணை மூடிக்கொண்டு வளையத்தைக் கையால் சுற்றிவந்தால், பார்வைக்குத் தப்பிய மேடு உள்ளங்கையில் தட்டும். பிறகு சாம்பல் பிரைமர். அதன் மேல் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூசிபோல் லேசாக விசிறி, வாட்டர் பேப்பரால் தேய்த்தால் கறுப்பு மிஞ்சும் இடமெல்லாம் பள்ளம். நிரப்பித் திரும்பத் தேய்க்க வேண்டும். இந்தச் சுற்று எத்தனை முறை வந்தாலும் சலிக்காமல் செய்பவரின் வளையம்தான் கடைசியில் கம்பெனி வார்ப்புபோல் இருக்கும்.

பெயின்டில் மிக உறுதியானது இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் (பி.யூ.). அதில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் புகை நிரந்தர ஆஸ்துமாவைத் தரக்கூடியது. துணி முகக்கவசம் அதற்குத் துளியும் தடையல்ல. வீட்டுத் திண்ணையில் அதை அடிக்க வேண்டாம். தேய்த்து, பிரைமர் போட்டு முடித்த வளையத்தை முறையான காற்றுக்கவசம் வைத்திருக்கும் பெயின்டரிடம் கொடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை. வீட்டிலேயே முடிக்க விரும்புபவருக்கு ஒற்றைப் பாக அக்ரிலிக் ஸ்ப்ரே போதும். கொஞ்சம் சீக்கிரம் தேயும், நுரையீரல் தப்பிக்கும்.

மர வளையத்துக்குச் சுருக்கமாக: பழைய வார்னிஷை எடுத்து, மரத்துக்கான தெளிவான பாலியூரித்தேன் வார்னிஷ் பூசலாம். அரக்கால் செய்யும் பிரெஞ்சு பாலிஷ் பார்க்க அழகுதான். ஆனால் அரக்கு ஆல்கஹாலில் கரையும், சூட்டில் இளகும். சானிடைசர் கைக்கும் சித்திரை வெயிலுக்கும் அது ஈடுகொடுக்காது.

நடுப்பகுதியைத் தொடாதீர்கள்

2019 ஜூலை முதல் இந்தியாவில் விற்பனையாகும் கார்கள் எல்லாவற்றிலும் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அது இருப்பது ஸ்டீயரிங்கின் நடு மூடிக்குள். விபத்தின்போது மில்லி வினாடிகளில் அந்த மூடி, உட்புறத்தில் மெலிதாக்கி வைத்திருக்கும் கோட்டின் வழியே கிழிந்து வழிவிட வேண்டும். அதன் மேல் பெயின்ட், ஃபில்லர், பசை எதுவும் ஏறக் கூடாது. பூச்சு அந்தக் கோட்டை இறுக்கினாலும், மூடியின் பிளாஸ்டிக்கைக் கரைப்பான் கெடுத்தாலும், மூடி திறக்கும் விதமே மாறிவிடும். கல் பதித்த அலங்கார வில்லைகளை அங்கே ஒட்டுபவர்கள், அவை முகத்துக்கு நேரே பறந்துவரக்கூடியவை என்பதை நினைத்துப்பார்க்க வேண்டும். ஹார்ன் அழுத்தி அழுத்தி வெளுத்த மூடியைத் துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

பூசுவதற்காக ஸ்டீயரிங்கைக் கழற்றவேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. நடு மூடியையும் சுவிட்சுகளையும் மாஸ்கிங் டேப்பாலும் செய்தித்தாளாலும் மூடி, சீட்டிலும் டேஷ்போர்டிலும் துணி விரித்து, வண்டியிலேயே முடித்துவிடலாம். ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்கைக் கழற்றுவதென்றால் பேட்டரியைத் துண்டித்து, சேமித்த மின்சாரம் வடியும்வரை காத்திருந்து, பின்னாலுள்ள சுருள் ஒயரை நடுநிலை மாறாமல் நிறுத்தி, நட்டைக் குறிப்பிட்ட முறுக்குவிசையில் திரும்ப இறுக்க வேண்டும். அது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை. ஏர்பேக் இல்லாத பழைய வண்டிக்கு இந்தத் தடை இல்லை. நட்டைக் கழற்றுமுன் தண்டிலும் வளையத்திலும் நேர்கோடாக ஒரு குறி போட்டுக்கொண்டால் மாட்டும்போது ஸ்டீயரிங் கோணலாகாது.

கவர், தையல், பழைய சாமான்

ரெக்ஸின் கவர்களில் எனக்கு ஒரே ஒரு விஷயத்தில் கடும் ஆட்சேபம்: இழுத்து மாட்டும் தளர்வான கவர், அவசரத்தில் ஒடித்துத் திருப்பும்போது வளையத்தின் மேல் தனியாகச் சுழலும். வளையத்தோடு இறுகத் தைத்த கவரில் அந்த ஆபத்து இல்லை. சென்னை ஜி.பி. ரோட்டில் சீட் கவர் தைப்பவர்களிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம். வீட்டில் தைக்க விரும்பினால், ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள லெதர், இரண்டு ஊசி, மெழுகு நூல், ஒரு விடுமுறை நாள் போதும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் பதனிடும் தோல் உலகெங்கும் போகிறது; இருந்தும் நாம் வாங்கும்போது கேட்கவேண்டியதைக் கேட்பதில்லை. காலணி மேல்தோலும் கைப்பைத் தோலும் ஸ்டீயரிங்குக்கு ஒத்துவராது. வியர்வையிலும் தேய்ப்பிலும் சாயம் போகாதபடி பூச்சு முடித்த வாகனத் தோல்தானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தைகளில் அதே மாடலின் நல்ல வளையம் கிடைத்தால், நுரை இளகிய வண்டிக்கு அதுவே சிறந்த வழி. வளையத்தை மட்டும் வாங்குங்கள். விபத்தில் அடிபட்ட வண்டியிலிருந்து வந்த ஏர்பேக்கை வாங்காதீர்கள். அது வேலை செய்யுமா என்பதைக் கடைக்காரரும் சொல்ல முடியாது, நீங்களும் சோதிக்க முடியாது.

எந்த வழியில் முடித்தாலும் வண்டியைச் சாலைக்கு எடுப்பதற்கு முன் ஒரு சோதனை பாக்கி. தோல்களின் சாய உறுதியைப் பார்க்க ஐ.எஸ்.ஓ. 11640 என்ற தரச் சோதனை இருக்கிறது. எடை வைத்த கம்பளித் துண்டை, உலர்ந்தும் நனைத்தும் செயற்கை வியர்வையில் தோய்த்தும் முன்னும் பின்னும் ஓட்டித் தேய்ப்பார்கள். வீட்டில் வெள்ளைத் துணியும் உப்புக் கரைத்த தண்ணீரும் போதும். வலப்பக்க மேல்பகுதியை அழுத்தி இருபது முறை தேய்த்துத் துணியைப் பார்க்க வேண்டும். நிறம் ஏறியிருந்தால் டாப் கோட் இன்னும் இறுகவில்லை, இரண்டு நாள் பொறுங்கள். ஏறவில்லை என்றால் ஓட்டலாம். அப்புறம் வாரம் ஒரு முறை ஈரத்துணி, வெயிலில் நிறுத்தினால் கண்ணாடிக்கு ஒரு மறைப்பு, சானிடைசர் பூசினால் கை காயும்வரை அரை நிமிடம்.